தங்கமீனுக்கு வந்த நல்ல தண்ணீர்

முன்னொரு காலத்தில் கடலோர நாடு ஒன்றை வீரகண்டன் என்றொரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். காலையில் எவன் முதலில் காதில் ஓதினானோ, அன்றைக்கு அவன்தான் ஆண்டான்.

அப்படி ஓதுகிறவர்களில் முதல் ஆள் பொக்கிஷதாரர் கனகராயர். அவர் பேச்சைக் கேட்டுத்தான் தருவைக்குடி என்ற ஊரைச் சுற்றி ராஜா உப்பளம் வெட்டினான். பொக்கிஷம் நிறைந்தது. ஊர்க் கிணறுகளிலோ உப்பு ஏறியது. நல்ல தண்ணீர் கிடக்கிற மேலேரியிலிருந்து ஒரு வாய்க்கால் வெட்டித் தந்தால் பிழைத்துக்கொள்வோம் என்று ஊரார் அரண்மனைக்கு வந்து கேட்டார்கள். அவர்களில் பேச்சியம்மை என்பவள் துணிந்து முன்னால் வந்தாள்.

"எம் மருமக வயித்துப்பிள்ளக்காரி, சாமி. இந்தத் தண்ணியத்தான் குடிக்கா. கையும் காலும் வீங்கிக் கெடக்கா."

மந்திரி சேந்தனார் உடனே வாய்க்கால் வெட்ட வேண்டும் என்றார். மந்திரியின் சொல் எடுபட்டால் கனகராயருக்குச் சோறு இறங்காது. குறுக்கே விழுந்தார்.

ராஜா, சீனத்து மரக்கலத்தில் வந்த தங்கமீன்களைப் பீங்கான் தொட்டியில் வளர்த்துவந்தான். அதில் ஒரு மீன் அவனுக்குச் செல்லம். விளிம்பில் மோதிரத்தால் தட்டினால் மேலே வந்து அவன் விரலிலிருந்து பொரி தின்னும். பெற்ற பிள்ளைகளைக்கூட அவன் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. முன்பு அந்த மீன்மேல் வெள்ளைப் புள்ளி விழுந்தபோது, தண்ணீரில் சிட்டிகை உப்புப் போட்டுத்தான் குணமாக்கினார்கள்.

கனகராயர் அதைப் பிடித்துக்கொண்டார். தினமும் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் மீன் அதற்கும் பழகிவிடும், மீனே பழகும்போது தருவைக்குடிக்காரன் பழகமாட்டானா என்று கேட்டார். ராஜாவுக்கு அது பெரிய ஞானமாகப் பட்டது. மீன் பழகிக்கொண்டால் வாய்க்கால் கிடையாது என்று தீர்ப்புச் சொன்னான். தொட்டி கனகராயர் வீட்டுக்குப் போயிற்று.

சில வாரம் கழித்துத் தொட்டி சபைக்கு வந்தது. விளிம்பெல்லாம் உப்பு பூத்திருந்தது. தண்ணீரை நாக்கில் வைத்தவர்கள் முகம் சுளித்தார்கள். மீன்களோ துள்ளிக்கொண்டிருந்தன. சபை கைதட்டியது. இத்தனை உப்பில் இத்தனை நாள் கிடந்த மீன் இப்படித் துள்ளாதே என்று மந்திரிக்கு மட்டும் உறுத்தியது.

"மகாராஜா, மோதிரத்தால் ஒரு தடவை தட்டிப் பாருங்கள்" என்றார்.

ராஜா தட்டினான். ஒரு மீனும் வரவில்லை. பொரியைக் காட்டினான். எல்லாம் மிரண்டு அடியில் போய் ஒண்டிக்கொண்டன.

"என் மீன் எங்கே?"

கனகராயர் காலில் விழுந்து உண்மையைக் கக்கினார். பழைய மீன்கள் செத்து எத்தனையோ நாளாகிவிட்டது. சாகச் சாகக் கப்பல்காரனிடம் புது மீன் வாங்கி விட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அன்று காலையில் விட்டவைதான் அங்கே துள்ளியவை.

"மீனுக்கு மாற்று கப்பலில் வந்தது" என்றார் மந்திரி. "தருவைக்குடியில் சாகிறவர்களுக்கு மாற்று எந்தக் கப்பலில் வரும்?"

ராஜா தேம்பித் தேம்பி அழுதான். தொட்டித் தண்ணீரை ஒரு செம்பு நிறையக் கனகராயரைக் குடிக்கவைத்தான். தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். மேலேரியிலிருந்து இன்றைக்கே வாய்க்கால் வெட்டத் தொடங்குங்கள் என்றான். தீர்ப்புக் கேட்க வந்து வாசலில் நின்ற பேச்சியம்மை தரையில் விழுந்து கும்பிட்டாள்.

வாய்க்கால் எதுவரை என்று மந்திரி கேட்டார்.

"அரண்மனைத் தோட்டம்வரை. அங்கே குளம் வெட்டி மீன்களை விடுங்கள். இனி என் மீன்மேல் உப்புப் படக்கூடாது."

தருவைக்குடிக்கு என்ன வழி என்றார் மந்திரி. ராஜாவுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை.

"அவர்களுக்குத்தான் கால் இருக்கிறதே. தண்ணீர் இருக்கிற இடத்துக்கு நடந்து போகட்டும். வாயில்லா ஜீவன் எங்கே போகும்?"

வாய்க்காலை வெட்டப் பிடித்துப் போனதும் தருவைக்குடி ஆட்களைத்தான். வேலை முடிவதற்குள் பேச்சியம்மையின் மருமகள் வயிற்றுப் பிள்ளையோடு போய்ச் சேர்ந்தாள்.

அடுத்த கோடையில் ராஜா உப்பளம் பார்க்கப் போனான். பாத்திகளில் உப்பு இறுகிக் கிடந்தது. அதை வாரி எடுக்க ஒரு ஆள் இல்லை. ஊரில் அடுப்புப் புகைகூட இல்லை. எங்கே எல்லோரும் என்று கேட்டான்.

"கால் இருந்தது, மகாராஜா" என்றார் சேந்தனார். "நடந்துவிட்டார்கள்."

ராஜா கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு, நல்ல பதில் என்று வாய்விட்டுச் சிரித்து, இன்னொரு முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டான்.