ஊர் ஊராய்ப் போன சாபூன்

அந்தக் காலத்தில், விலங்குகள் பேசிக்கொண்டும் கப்பலோட்டிக்கொண்டும் இருந்தபோது, துறைமுகங்களில் ஒரு வழக்கம் இருந்தது. வெளியூர்ச் சரக்கு கரையிறங்கினால், அதன் பழைய பெயரைக் கடலிலேயே விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு துறையும் தன் இஷ்டத்துக்குப் புதுப்பெயர் வைக்கும். அதில் எல்லாருக்கும் பெருமை.

ஒருநாள் பேச்சி என்ற வெள்ளாட்டின் குட்டி, கரையில் கிடந்த ஒரு வெள்ளைக் கட்டியை விழுங்கிவிட்டது. வாயில் நுரை தள்ளியது, கால்கள் தள்ளாடின. பேச்சி ஓடிப்போய்க் கொக்கு வைத்தியரை அழைத்து வந்தது.

"எதைத் தின்றது?" என்று கேட்டது கொக்கு.

"நான் பார்த்தேன். நுரைக்கல்," என்றது தீவிலிருந்து வந்திருந்த வாத்து.

"கல்லா? அப்படியென்றால் விளக்கெண்ணெய் கொடுக்க வேண்டும்."

"கல்லாவது மண்ணாவது! அது வெண்பாகு. என் கண்ணாலே பார்த்தேன்," என்றது வடக்குத் துறைப் பன்றி.

"பாகா? அதற்கு எண்ணெயே ஆகாதே!"

"ரெண்டு பேரும் சும்மா இருங்கப்பா. அது வழுக்குக்கிழங்கு," என்றது கப்பல் பூனை.

கொக்கு காலை மாற்றி நின்றது. "கல், பாகு, கிழங்கு... இந்தப் பொடிசு மூன்றையுமா தின்றது? ஒன்றுக்கான மருந்து மற்றதற்கு விஷமாயிற்றே!"

"வைத்தியரே, குட்டிக்குக் கண் செருகுது!" என்று கதறியது பேச்சி.

சத்தம் கேட்டு, சரக்கு இறக்கிக்கொண்டிருந்த ஒட்டகம் வந்தது. தன் மூட்டையிலிருந்து ஒரு கட்டியை எடுத்துப் போட்டது. "இதுவா பாருங்கள்."

"ஆமாம், நுரைக்கல்!"

"வெண்பாகு!"

"கிழங்கேதான்!"

மூன்றும் ஒன்றையொன்று திருதிருவென்று பார்த்தன.

"எங்கள் ஊரில் இது சாபூன்," என்றது ஒட்டகம். "அழுக்குப் போக்குவது. என் குட்டியும் ஒருமுறை தின்றிருக்கிறது. வாயைக் கழுவிவிட்டுப் பால் கொடு, போதும்."

மாலைக்குள் குட்டி எழுந்து நின்றது. ஆனால் பேச்சியின் கோபம் அடங்கவில்லை. புறப்படும் கப்பல்களின் ஏறுபலகையில் கொம்பைத் தாழ்த்தி நின்றுகொண்டது. "இந்தச் சரக்குக்கு மட்டும் பேரை மாத்த மாட்டேன்னு சொல்லிட்டு ஏறு. இல்லேன்னா முட்டித் தள்ளிடுவேன்!"

வாத்து சொன்னது. பன்றி சொன்னது. பூனையும் முணுமுணுத்தபடி சொன்னது.

அன்று முதல்தான் அந்தக் கட்டி எந்தக் கரையில் இறங்கினாலும், சாபூன், சபுன், சவோன், சோப்பு என்று, வாய்க்கு வாய் கொஞ்சம் கரைந்தாலும், அதே பெயரோடு இறங்குகிறது.