ஒட்டுத் தெரியாத மெட்டு

சூடத்தைக் கொளுத்தி உள்ளங்கையில் வையுங்கள், அணைத்துக் காட்டுகிறேன். இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் கிடையாது.

'பொத்தான் இசை மன்றம்' என்று இணையத்தில் ஒரு கூட்டம். வீடியோ கேம் ஆடும்போது பின்னால் 'டிங் டிங்' என்று ஓடுமே, அந்த மெட்டுக்காக உயிரை விடுகிற முந்நூற்று நாற்பது பேர். ஆட்டத்தில் முதல் பள்ளத்திலேயே விழுந்து சாகிற சூரர்கள்தான் முக்கால்வாசி. ஆனால் விழும்போது வருகிற 'டொய்ங்' எந்தச் சுருதி என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். ஆளுக்கொரு கீபோர்டு கட்டிலுக்கடியில் கிடக்கும்.

மன்றத்துக்கு இரண்டே சட்டம். மூன்று மாதத்துக்குள் சொந்தமாக ஒரு மெட்டு ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் பட்டியலிலிருந்து பேர் போய்விடும். இன்னொன்று ஒட்டுப் பரீட்சை. ஆட்டம் ஓடுகிறவரை மெட்டும் சுற்றிச் சுற்றி வர வேண்டுமே! அதனால் ஏற்றியதை விடாமல் மூன்று தடவை ஓட்டுவார்கள். முடிவு போய் முதலில் சேருகிற இடம் காதில் தட்டுப்பட்டால், தள்ளு.

அருப்புக்கோட்டை டிவி மெக்கானிக் பூமிநாதன், வயது அறுபத்தேழு, இன்றுவரை ஒரு மெட்டும் ஏற்றியதில்லை. ஏற்றுகிறவர்களைக் கிழிப்பதோடு சரி. ஒருவன் வாசித்தால் "தகர டப்பாவுல தேளு விழுந்தாப்ல இருக்கு" என்பார். இன்னொருவனுக்கு "தம்பி, கீபோர்டைத் தொடைச்சியா, வாசிச்சியா?" அவருடைய மூன்று மாதக் கெடு இந்த ஞாயிற்றுக்கிழமையோடு சரி; இணையக் கூட்டத்தில் ஐந்து மணி அடித்தால் அவர் பேரை எடுத்துவிடுவார்கள். அவருக்கு ஒரு சுரமும் வாசிக்கத் தெரியாது. வீட்டிலோ அவர் வாயைத் திறந்தால் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார்கள். மன்றமும் போனால் யாரைத் திட்டி உயிர் வாழ்வது?

"அண்ணாச்சி, மெட்டு எங்கே?" என்றாள் செண்பகவல்லி. கோவில்பட்டியில் மருந்துக்கடை வைத்திருக்கிறாள். மன்றத்தின் தலைவியும் அவள்தான். காலாவதியான மாத்திரையைத் தூக்கிப் போடுகிற குரல்.

"இருக்கு தாயீ. ஏத்தினா உங்க உசுருக்கு நான் பொறுப்பில்ல, அதான் யோசிக்கேன்."

"ஆரம்பிச்சுட்டாருவே," என்றான் தூத்துக்குடி ஜெரால்டு.

பூமிநாதன் ஹெட்போனைச் சரிசெய்துகொண்டார். "சூடத்தை அணைச்சுச் சொல்றேன், அத்தனையும் நிசம். அரிசி மில்லு ராசமாணிக்கம் ஒரு கேம் கேசட்டு கொண்டாந்தாரு. மேல, 'தொண்ணூத்தொம்பது லட்சம் ஆட்டம்'னு போட்டிருக்கு."

"உள்ளே நாலுதான் இருக்கும். எல்லாக் கேசட்டும் அந்தப் புளுகுதானே?" என்றான் ஜெரால்டு.

"மத்ததுல நாலு. இதுல அத்தனையும் இருந்துச்சு. எண்ணிப் பார்த்தேன், ஒண்ணு கூடுதலாவே இருந்துச்சு. பாட்டு மட்டும் ஊமை. ஈயத்தை உருக்கி நானே ஒரு மெட்டை உள்ள வச்சு ஒட்டினேன். ஒட்டினேனே தவிர, ஒட்டுத் தெரியாது. கோழிமுட்டையில ஒட்டு எங்கேன்னு தேடுவியா நீ? போட்டுக் காட்டினேன். மில்லுக்காரரு கிளம்பணும்னு ஒரு காலைத் தூக்கினாரு. எங்கே ஊன்றது? நிக்க ஒரு இடம் மெட்டுல இருந்தாத்தானே! பதினோரு நாளு ஒத்தைக் கால்ல நின்னாரு."

"சாப்பாடு?"

"தாளம் தப்பாம ஊட்டிவிட்டோம். எதிர்க்கடை முடிவெட்டுறவருக்குக் கத்திரி நிக்கலை. தலைமுடி தீர்ந்துச்சு, மீசை தீர்ந்துச்சு, புருவம் தீர்ந்துச்சு, போர்த்தின துணியிலிருந்த பூவையும் வெட்டி எடுத்துட்டாரு. டவுன் பஸ்ஸு ஒண்ணு பஸ் ஸ்டாண்டையே ஒம்பது நாளு சுத்துச்சு. டீசல் தீர்ந்தது ரெண்டாம் நாளே."

"கரண்டை நிறுத்த வேண்டியதுதானே அண்ணாச்சி?" என்றாள் செண்பகவல்லி.

"நிறுத்தினாங்களே! கம்பிக்கு மனப்பாடம் ஆயிடுச்சு தாயீ, அதுபாட்டுக்குப் பாடுது. ராமநாதபுரம் பக்கம் உதிச்ச சூரியன் எங்க ஊருக்கு மேல வந்ததும் தலையாட்டிக்கிட்டே நின்னுருச்சு. பதினோரு நாளும் ஒரே பகல்."

"அப்ப காலண்டர்ல பதினோரு நாள் இடிக்கணுமே?"

"ஒரே பகலுக்கு எத்தனை தாளுவே கிழிப்பே? ஒண்ணுதான் கிழிச்சோம். கடைசியில ராசமாணிக்கம் சம்சாரம் வந்து அழுதுச்சு. மீசை பிடுங்குற இடுக்கியால மெட்டுல ஒரே ஒரு சுரத்தை உருவினேன். அவரு காலை ஊன்னாரு, சூரியன் நகந்துச்சு. உருவின சுரத்தை மாத்திரை டப்பாவுல பூட்டி வச்சிருக்கேன். நான் சொன்னேன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லிறாதீக. ஏன்னு கேட்டீகன்னா..."

சுவர்க்கடிகாரம் ஐந்தேகால் காட்டியதைப் பார்த்து அங்கேயே நிறுத்தினார். ஐந்து மணி அடித்தது ஒருவர் காதிலும் விழவில்லை. தப்பித்தோம் என்று அவர் மூச்சு விடுவதற்குள் செண்பகவல்லி சொன்னாள்:

"கூட்டமெல்லாம் பதிவாகுதுங்கிறதை மறந்துட்டீகளா? வெட்டாம ஒட்டாம சொந்த வாயால ஒரு பதிவு. இதையே உங்க மெட்டுன்னு எடுத்துக்கிடுறேன். சும்மா பேரை எடுத்தா ஊரெல்லாம் ஒப்பாரி வைப்பீக. ஒட்டுப் பரீட்சையில தள்ளிட்டே எடுக்கேன்."

பதிவு ஓடியது. மில்லுக்காரர் காலைத் தூக்கினார், பஸ் சுற்றியது, சூரியன் நின்றது. முடிவு வந்தது. "ஏன்னு கேட்டீகன்னா... சூடத்தை அணைச்சுச் சொல்றேன், அத்தனையும் நிசம். அரிசி மில்லு ராசமாணிக்கம்..."

ஒட்டு இல்லை!

முந்நூற்று நாற்பது சுருதிப் புலிகளும் காதைத் தீட்டினார்கள். இரண்டாம் சுற்றிலும் தட்டுப்படவில்லை. மூன்றாம் சுற்றில், பதிவிலிருந்த ஜெரால்டு "சாப்பாடு?" என்று கேட்டபோது உயிரோடிருந்த ஜெரால்டும் கூடவே "சாப்பாடு?" என்று கேட்டுவிட்டான். மூன்று முடிந்தது. நான்காவது, தானே ஓட ஆரம்பித்தது.

"ஏ, வெளியே போற பொத்தானை அமுக்குறேன், போக மாட்டேங்குதே!" என்று அலறினான் ஜெரால்டு. எல்லாரும் அமுக்கினார்கள். ஒருவருக்கும் விடுதலை இல்லை.

பூமிநாதன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பயப்படாதீக. நடுவுல ஒரே ஒரு பொய்யை உருவினா நின்னுரும்."

"எதை உருவச் சொல்லுதீக?" என்றாள் செண்பகவல்லி. "ஒண்ணை உருவினா மத்ததும் கூடவே வந்துரும். மிஞ்சுறது கரண்டு கட்டும் உங்க பேரும்தான்."

"பேரு மிஞ்சினாப் போதும் தாயீ," என்றார் பூமிநாதன்.

அந்தப் பேர் இன்னும் பட்டியலில் இருக்கிறது. கூட்டமும் இன்னும் நடக்கிறது. போய்ப் பாருங்கள், அவரவர் வீட்டில் அடுப்பில் வைத்த பால்கூடப் பொங்காமல் அப்படியே இருக்கும். நான் சொன்னதாக மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். ஏன் என்று கேட்டால்...