அஞ்சலாட்சி பெயரில் நின்ற கடன்

மூன்று விரல்களை மடக்கிக்கொண்டு இந்தக் கதையைக் கேளுங்கள். விரலுக்கு ஒரு பெண். பணம் வாங்கச் சண்டை போட்டவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். இந்த மூவரும் கொடுக்கச் சண்டை போட்டார்கள்.

பண்ருட்டிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் அஞ்சலாட்சி இருபது வருஷமாக முந்திரிக்கொட்டை உடைத்துவந்தாள். ஓட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு அவள் விரல் நுனிகள் கறுத்து, தோல் உரிந்து கிடந்தன. ரேஷன் கடையில் ரேகைக் கருவி அவள் விரலை ஒருநாளும் முதல் தடவையில் ஏற்றுக்கொண்டதில்லை. கொட்டை உடைக்கும் மிஷின் ஒன்று இருந்தால் ஓட்டைக் கையால் தொட வேண்டாம். அதற்குத்தான் வங்கியில் கடன் கேட்டாள்.

மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "அம்மா, உங்க பேர்ல ஏழு வருஷத்துப் பாக்கி ஒண்ணு நிக்குது. மகளிர் குழுவுக்குக் கடன் கொடுத்த கம்பெனிக்காரங்க அத வராக்கடன்னு ஒதுக்கிட்டாங்க. இது இருக்கறவரைக்கும் நான் புதுக் கடன் தர முடியாது" என்றார்.

"ஆளுங்க வர்றதையே நிறுத்திட்டாங்களே சார். அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன்."

"அவங்க கணக்குல ஒதுக்கினாங்க. உங்க பேர விட்டு அது போகல. வட்டியோட ஒன்பதாயிரத்து எழுநூறு. பாதிப் பணத்துக்குப் பேசி முடிச்சா, முழுசா கட்டலன்னே பதிவாகும். அதையும் நாங்க குறையாத்தான் பார்ப்போம். முழுசா கட்டி, பாக்கி இல்லைன்னு கடிதம் வாங்கிட்டு வாங்க. தழும்பு கொஞ்ச வருஷம் தெரியும். ஆறின தழும்புன்னா நான் மேல பேசலாம்."

அஞ்சலாட்சிக்கு எல்லாம் நினைவு வந்தது. அது அவளுக்காக வாங்கிய கடனே இல்லை. பக்கத்து வீட்டுக் காசாம்புவுக்குத் தையல் மிஷின் தேவைப்பட்டது. அவளுடைய ரேஷன் கார்டு பிறந்த ஊர் முகவரியில் இருந்ததால், மகளிர் குழுவில் அவளுக்குக் கடன் கிடைக்கவில்லை. அந்தப் பக்கத்தில் இது சகஜம்: ஒருத்தி பெயரில் வாங்கி இன்னொருத்தி கட்டுவாள். அஞ்சலாட்சி கையெழுத்துப் போட்டாள். காசாம்பு ஒரு வாரமும் தவறாமல் கட்டினாள். நடுவில் அவளுக்குத் திருப்பூரில் வேலை கிடைத்தது. புறப்படும் அன்று, மீதியிருந்த ஏழு வாரத்துப் பணம் நாலாயிரத்து இருநூறையும் அஞ்சலாட்சி கையில் வைத்து, "வாராவாரம் நீயே கட்டிடுக்கா" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

பணம் சர்க்கரை டப்பாவில் இருந்தது. அந்த வாரமே புயல் அடித்தது. வசூலுக்கு வரும் பையன் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. குழுத்தலைவி தனபாக்கியம், "ஆபீசையே மூடிட்டுப் போயிட்டான். யாருகிட்டப் போய்க் கட்டுவ? பேசாம குந்து" என்றாள். மற்றவர்கள் கடன் அதற்கு முன்பே முடிந்திருந்ததால் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. தீபாவளிக்குள் டப்பா காலியானது. அஞ்சலாட்சி வீட்டுக் கொல்லைக்கு இரண்டு வெள்ளாட்டுக் குட்டிகள் வந்தன.

இப்போது கம்பெனி அலுவலகம் கடலூரில். அங்கே போக அஞ்சலாட்சி காலை பஸ்ஸுக்கு வந்து நின்றாள். முந்தாநாள் சந்தையில் கிடாய் விற்ற பணம் மடியில் இருந்தது. பஸ் நிறுத்தத்தில் தனபாக்கியம் முன்னாலேயே வந்திருந்தாள். அவள் போட்ட போனில் சேதி தெரிந்து, திருப்பூரிலிருந்து ராத்திரி பஸ் பிடித்துக் காசாம்புவும் வந்து இறங்கினாள்.

"அக்கா, நீ வீட்டுக்குப் போ. ஒன்பதாயிரத்து எழுநூறும் கொண்டாந்திருக்கேன்" என்றாள் காசாம்பு. "அந்தத் தையல் மிஷின வெச்சுத்தான் ரெண்டு பொண்ணையும் ஆளாக்கினேன். அனுபவிச்சவ நானு. உன் பேரு கெட்டதும் என்னாலதான்."

"நிறுத்துடி. கட்டாதேன்னு சொன்னது இந்த வாயி" என்றாள் தனபாக்கியம். "தண்டம் நான் கட்டறேன். ஐயாயிரம் கொடுத்தா பைசல்னு கம்பெனிக்காரனே போன்ல சொல்லிட்டான். இந்தா, எண்ணி வெச்சிருக்கேன்."

"கையெழுத்து என்னுது. நீங்க ரெண்டு பேரும் யாரு நடுவுல?" என்றாள் அஞ்சலாட்சி.

"ஏ யம்மா, என் கடனக் கட்ட இப்படி மூணு பேர் அடிச்சிக்கிட்டா நான் ஊரையே வாங்கிடுவேன்" என்றார் கண்டக்டர். "ஏறுறீங்களா, இங்கியே பஞ்சாயத்தா?"

மூவரும் ஏறினார்கள். கடன் ஒன்று; கட்ட வந்த பணம் மூன்று. இந்த மூவரில் யார் கட்டுவது சரி? கீழே படிக்கும் முன் ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள்.

விடை: அஞ்சலாட்சி கட்டுவதே சரி. அதற்கு முதல் காரணம் கையெழுத்து அல்ல. தனபாக்கியத்தின் ஐயாயிரம் கடனை மூடும், பெயரை மீட்காது. காசாம்பு ஊரைவிட்டுப் போன அன்றே தன் கடனை முடித்தவள். இன்னொரு தடவை அவளிடம் வாங்கினால் அது அநியாயம். அவள் கொடுத்த நாலாயிரத்து இருநூறு எங்கேயும் போகவில்லை. ஏழு வருஷமாக அஞ்சலாட்சி கொல்லையில் மேய்ந்து, குட்டி போட்டுப் பெருகி நின்றது. பஸ் நெல்லிக்குப்பம் தாண்டும்போது அஞ்சலாட்சியே அதைச் சொல்லிவிட்டாள். காசாம்பு சிரித்துக்கொண்டே, "அப்போ எனக்கு ஒரு குட்டி பாக்கி இருக்குக்கா" என்றாள். மூன்று பேருக்கும் டிக்கெட் எடுத்தவள் தனபாக்கியம். அவள் தண்டம் அதோடு தீர்ந்தது. கடலூரில் அஞ்சலாட்சி கிடாய் விற்ற பணத்தை முழுசாகக் கட்டி, பாக்கி இல்லை என்ற கடிதத்தை வாங்கினாள். நாலைந்து மாதம் கழித்து வங்கிக் கடனில் மிஷினும் வந்தது. அடுத்த பொங்கலுக்கு ரேஷன் கடையில் அஞ்சலாட்சி விரலை வைத்தாள். கருவி முதல் தடவையிலேயே அவள் பெயரைச் சொன்னது.