பாதி மஞ்சள் கப்பல்

முன்னொரு காலத்திலே, கடலலை கோட்டைச் சுவரில் வந்து மோதுகிற முத்தலைத்துறையைச் சண்டமாருதன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். பேருக்கேற்ற கோபக்காரன். காலையில் பால் ஆறிப்போயிருந்தால் சமையற்காரனைச் சிறையில் தள்ளுவான். மத்தியானம் பசித்ததும் அவனையே விடுவித்துக் குழம்பு வைக்கச் சொல்லுவான்.

அவனுக்கு ஈடுகொடுக்கக்கூடிய கோபக்காரி அந்த ஊரில் ஒருத்திதான் இருந்தாள். கப்பல் தச்சு வேலை செய்கிற ஆவுடை. இளவரசியின் கல்யாணம் மூன்று மாதத்தில் வருகிறதென்று ராஜா அவளைக் கூப்பிட்டனுப்பினான்.

"என் பட்டத்துக் கப்பலைப் போலவே இரண்டு முழ நீளத்தில் ஒரு குட்டிக் கப்பல் வேண்டும். மாப்பிள்ளைக்குச் சீர். மரமும் வர்ணமும் கடுகளவு மாறக்கூடாது" என்று சொல்லி, பட்டத்துக் கப்பல் கட்டி மிஞ்சிக் கிடந்த பலாத் தடியையும் கொடுத்தான்.

ஆவுடை தடியை அறுத்தாள், இழைத்தாள், பலகை சேர்த்தாள். விளிம்பில் சாதிலிங்கச் சிவப்பை எண்ணெயில் அரைத்து ஒரு பட்டை தீட்டினாள். பத்தாம் நாள் கப்பலைச் சபையில் கொண்டுவந்து வைத்தாள்.

வைத்த கை எடுக்கவில்லை, அலங்கார அதிகாரி கனகசபேசர் துள்ளி எழுந்தார். திரைச்சீலை முதல் ராஜாவின் மிதியடி வரை நிறம் பார்ப்பது அவர் உத்தியோகம். தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் ராஜா இந்த வேலையைக் கொடுத்துவிட்டாரே என்று பத்து நாளாக வெந்துகொண்டிருந்தார்.

"பிரபு! பட்டத்துக் கப்பல் தேன் நிறம். இதுவோ பச்சை மஞ்சள். அந்தச் சிவப்பு இதன்மேல் கண்ணைக் குத்துகிறது. அரசாங்கப் பலாவை விற்றுவிட்டு ஏதோ மட்ட மரத்தில் செய்திருக்கிறாள். இவள் திருடி! என் கண் தப்பாது."

ராஜாவின் மீசை துடித்தது. "திருடியா? வெட்டுங்கள் வலது கட்டைவிரலை!"

கட்டைவிரல் போனால் உளி பிடிக்க முடியாது. ஆவுடைக்கு அதுகூட அப்போது உறைக்கவில்லை. திருடி என்ற சொல் நெஞ்சில் போய்த் தைத்தது. உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பத்து நாள் கண்ணில் விழுந்த மரத்தூள் இன்னும் உறுத்திக்கொண்டிருக்க, உளியே தொட்டறியாத ஒருவர் இப்படிச் சொல்வதா?

"யாரைத் திருடிங்கிறீரு?" என்று ஒரு சத்தம் போட்டாள். தூணோரம் நின்ற காவலன் ஈட்டியைக் கீழே போட்டான். "மகாராசா, பலா அறுத்த அன்னைக்கு மஞ்சளாத்தான் இருக்கும். வெயிலு படப்படத்தான் தேன் நிறம் ஏறும். உங்க கப்பலு மூணு வருசம் வெயில் குடிச்சது. அந்த நிறத்துக்குத்தான் நான் சிவப்பைக் கூட்டியிருக்கேன். இன்னைக்கே ஒட்டணும்னு மரத்துக்குச் சாயம் ஏத்தியிருந்தா, கல்யாணம் முடிஞ்சு ரெண்டு மாசத்துல சட்டி அடி மாதிரி கறுத்துப்போகும். அப்ப சம்பந்தி வீட்டுல யாரு மானம் போகும்?"

"மரம் தானாக நிறம் மாறுமாம்! நல்ல கதை" என்று சிரித்தார் கனகசபேசர்.

"ஒரு மண்டலம் தவணை தாங்க மகாராசா. கப்பலு உங்க முற்றத்துல, உங்க காவல்ல, வெயில்ல இருக்கட்டும். என் நிழலும் படாது. நிறம் வரலேன்னா ரெண்டு விரலையும் எடுத்துக்கோங்க. வந்துட்டா இவரு என்ன தருவாரு?"

"என் பதவியையே தருகிறேன்!" என்று மார்தட்டினார் கனகசபேசர். "ஆனால் இவள் இருட்டில் வந்து சாயம் பூசினால்?"

ஆவுடை காத்திருந்தது இந்தக் கேள்விக்குத்தான். கோபம் குறையாமலே சொன்னாள்: "அவ்வளவு சந்தேகமிருந்தா பாதிக் கப்பலைத் துணியால மூடி, உம்ம முத்திரையைப் போட்டு வையும்! அங்கே எவளும் கை வைக்க முடியாதில்ல?"

ராஜா தவணை கொடுத்து, கப்பலை முற்றத்தில் வைக்கச் சொன்னான். கனகசபேசர் பெரிய தந்திரம் செய்வதாக நினைத்துக்கொண்டு, கப்பலின் பின்பாதியைக் கனத்த பட்டால் நாலு சுற்றுச் சுற்றினார். முடிச்சில் அரக்கு உருக்கித் தன் மோதிரத்தை அழுத்தினார். சபை முழுக்கப் பார்த்தது.

பங்குனி வெயில் கொளுத்தியது. நாற்பத்தெட்டாம் நாள் எல்லாரும் முற்றத்தில் கூடினார்கள். கப்பலின் முன்பாதி தேன் நிறத்தில் மின்னியது. சிவப்புப் பட்டை அதன்மேல் பட்டத்துக் கப்பலில் இருப்பது போலவே அடங்கி உட்கார்ந்திருந்தது. கனகசபேசர் அவசரமாகப் பட்டுத்துணியை அவிழ்த்தார். உள்ளே அதே பச்சை மஞ்சள்!

"பார்த்தீர்களா பிரபு! பாதிக் கப்பலை மாற்றிவிட்டாள்! இரண்டு மரம்!" என்று கூவினார்.

"பலகையைத் தடவிப் பாரும்" என்றாள் ஆவுடை.

ராஜாவே குனிந்து தடவினான். முன்முனையிலிருந்து பின்முனை வரை ஒரே பலகை, நடுவில் இணைப்பே இல்லை. தேன் நிறம் எங்கே முடிந்ததோ அங்கேதான் பட்டின் ஓரம் இருந்தது.

"முத்திரை உடைந்திருந்ததா?" என்று கேட்டான் ராஜா.

"இல்லை... பிரபு."

"உமது முத்திரைக்கு உள்ளே இருந்த பாதி அவள் கொண்டுவந்த மரம். வெளியே இருப்பதும் அதே பலகை. அப்படியானால் திருட்டு எங்கேயய்யா?"

ராஜா கனகசபேசருடைய மோதிரத்தைக் கழற்றி ஆவுடையிடம் நீட்டினான். "இனி அலங்கார அதிகாரி நீதான்."

அவள் கை நீட்டவில்லை. "மோதிரம் கிடக்கட்டும். திருடின்னு சபையில சொன்னாங்க. விசாரிக்காம விரலை வெட்டச் சொன்னதும் அதே சபையிலதான்."

ராஜாவின் மீசை ஒருமுறை துடித்து அடங்கியது. "என் தப்பு, ஆவுடை" என்றான், எல்லாருக்கும் கேட்கும்படி. "இவரை என்ன செய்யலாம்?"

"கல்யாணத்துக்குள்ள மிச்சப் பாதிக்கும் நிறம் ஏறணும். முன்பாதியை மூடிட்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் வெயிலு போற பக்கமெல்லாம் கப்பலைத் திருப்பி வைக்க ஒரு ஆளு வேணும்."

அன்றிலிருந்து குடை பிடிக்க ஆளில்லாமல் கனகசபேசர் கப்பலைத் திருப்பிக்கொண்டே இருந்தார். கல்யாணத்துக்கு முந்தின நாள் ஆவுடை வந்தாள். துணியை எடுத்துவிட்டு, கப்பலை நாலு பக்கமும் திருப்பிக் காட்டினாள்.

"என் கண் தப்பாதுன்னீரே. நீர் பட்டு சுத்தின பாதி எது? சொல்லும்."

கனகசபேசர் குனிந்தார், நிமிர்ந்தார், சிவப்புப் பட்டையை விரலால் தடவினார். கடைசியில், பிறந்ததிலிருந்து அவர் வாயில் வராத சொல் வந்தது.

"தெரியவில்லை அம்மா."

அப்போதுதான் ஆவுடைக்குக் கோபம் ஆறியது.