ஆடு கத்திய வகுப்பு

குருமார்களுக்குக் கோபம் வராது என்று சொல்வார்கள். ஜெபராணி டீச்சருக்கு வரும்.

அவர் ஒரு நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியை. அங்கே ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்த திருமேனி சார் அவரைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் கணக்கை எப்படிச் சொல்லித்தர வேண்டும் என்பதை டீச்சருடைய வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துத்தான் அவர் கற்றுக்கொண்டார். அதனால் எந்தச் சிக்கல் என்றாலும் டீச்சர் அறைக்குத்தான் போவார்.

அந்த வருடம் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்தது. ஏழாம் வகுப்பில் ஆளுக்கொரு டேப்லெட்டும் கொடுத்தார்கள். பிள்ளைகள் டேப்லெட்டில் விடையைத் தட்டினால், சுவரில் இருக்கும் போர்டில் அவரவர் பெயருக்கு நேரே பச்சையோ சிவப்போ எரியும். சரியாக இருந்தால் கைதட்டல் கேட்கும். தப்பாக இருந்தால் ஆடு கத்தும்.

"மே..."

திருமேனி சாருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. கேள்வி கேட்பது, திருத்துவது, யார் முதல், யார் கடைசி என்று சொல்வது எல்லாவற்றையும் போர்டே பார்த்துக்கொண்டது. தொண்டை வறளக் கத்த வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி வருவதாக இருந்தது. வகுப்பு அவருக்குப் பிடித்துவிட்டால் வட்டாரத்துக்கே இதுதான் மாதிரிப் பள்ளி. எட்டாம் வகுப்புக்கும் ஒரு போர்டு கிடைக்கும்.

புதன்கிழமை ஒத்திகை நடந்தது. பாடம், தசம எண்களைக் கூட்டுவது.

இசக்கியம்மாள் பெயருக்கு நேரே சிவப்பு எரிந்தது. ஆடு கத்தியது. வகுப்பு சிரித்தது. அடுத்த கேள்விக்கும் சிவப்பு. அதற்கடுத்த கேள்விக்கு ஆட்டை முந்திக்கொண்டு பிள்ளைகளே கத்தினார்கள்.

இசக்கி எழுந்தாள். டேப்லெட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தாள்.

"வெளிய போ!" என்று கத்தினார் திருமேனி சார்.

அவள் அதற்குள் வெளியே போயிருந்தாள்.

உடைந்த டேப்லெட்டோடு அவர் தலைமையாசிரியை அறைக்கு வந்தார்.

"இந்தப் பிள்ள வெள்ளிக்கிழமை என் கிளாஸ்ல இருக்கக் கூடாது டீச்சர். அன்னைக்கு மட்டும் ஆறாம் வகுப்புல உக்கார வச்சிருங்க."

"ஏன்?"

"இதப் பாருங்க, எப்படி உடைச்சிருக்கான்னு. சரி, இதக்கூட விடுங்க. அவ இருந்தா போர்டுல சிவப்பு எரிஞ்சுக்கிட்டே இருக்கும். அதிகாரி என்ன நெனப்பாரு?"

"அவ என்ன விடை போட்டா?"

"தப்பு விடை."

"என்ன விடைன்னு கேட்டேன்."

திருமேனி சார் யோசித்துப் பார்த்தார். போர்டில் சிவப்பைப் பார்த்தது ஞாபகம் இருந்தது. விடையைப் பார்த்த ஞாபகம் இல்லை.

"போய்க் கேட்டுட்டு வாங்க" என்றார் டீச்சர்.

இசக்கி தண்ணீர்க் குழாய்ப் பக்கம் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. பல்லைக் கடித்திருந்தாள்.

"என்ன விடை போட்ட?"

"தப்பு விடை."

"எப்படிப் போட்டன்னு கேக்கேன்."

"அதான் தப்புன்னு சொல்லிட்டீங்கள்லா சார்."

"நானா சொன்னேன்? போர்டு சொல்லிச்சு."

"அப்போ போர்டுட்டயே போய்க் கேளுங்க."

திருமேனி சாருக்குக் காதெல்லாம் சூடேறியது. விறுவிறுவென்று திரும்பி வந்தார்.

"திமிரு டீச்சர், அவ்வளவும் திமிரு! வாத்தியார்ட்ட பேசுற பேச்சா அது? பெத்தவங்களக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க."

டீச்சர் எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்க. ஒரு கணக்கு. பத்தோட நாலக் கூட்டுனா?"

"என்ன டீச்சர் இது?"

"சொல்லுங்க."

"பதினாலு."

"மே" என்றார் டீச்சர்.

அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"என்னது?"

"ஒம்பதோட அஞ்சு?"

"பதினாலுதான்."

"மே."

சாவி வாங்க வந்து வாசலில் நின்ற சத்துணவு அமைப்பாளர் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்படியும் சிரிப்பு வெளியே கேட்டது.

"எட்டோட ஏழு?"

"பதினஞ்சு! பதினஞ்சு டீச்சர்! எந்த ஊர்ல போய்க் கேட்டாலும் பதினஞ்சு!"

"மே."

திருமேனி சார் எழுந்து மேசையில் ஓங்கி அடித்தார். பேனாக்கள் உருண்டு விழுந்தன.

"இத்தன வருஷம் கணக்கு எடுக்கேன். ஆள் முன்னால வச்சுக் கேவலப்படுத்துறீங்க. எப்படித் தப்பாகும்? சொல்லுங்க!"

"காலைல பத்து மணிக்கு பஸ் ஏறி நாலு மணி நேரம் போனா எத்தன மணிக்கு எறங்குவீங்க?"

"ரெண்டு மணிக்கு."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

"நான் கடிகாரத்த நெனச்சுக் கேட்டேன்" என்றார் டீச்சர். "நீங்க வேற எதையோ நெனச்சுப் பதில் சொன்னீங்க. உங்களுக்குப் பதினாலு எப்படி வந்துச்சுன்னு நான் ஒரு தடவயாவது கேட்டனா?"

"இல்ல."

"எனக்கு உங்க மேல இப்ப எவ்வளவு கோபம் இருக்குன்னு தெரியுமா சார்? அவளையாவது நீங்க வெளிய அனுப்புனீங்க. நான் உங்கள வெளிய கூட அனுப்ப முடியாது. போங்க. மறுபடி போய்க் கேளுங்க."

இந்த முறை திருமேனி சார் கேட்கவில்லை. குழாயடியில் இசக்கிக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தார். அவள் ஒதுங்கிக்கொண்டாள்.

"கோவமா இருக்கியா?"

"ஆமா."

"நானுந்தான்."

"உங்களுக்கு என்ன?"

"எனக்கும் இப்ப ஆடு கத்திச்சு."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் திரும்பிப் பார்த்தாள். சண்டை போடுகிற குரலில் கேட்டாள்.

"மூணு புள்ளி நாலோட சைபர் புள்ளி மூணக் கூட்டுனா நாலு புள்ளி ஒண்ணு தான சார்?"

"எப்படி?"

"மூணு ஓவர் நாலு பால். இன்னும் மூணு பால் போட்டா? ரெண்டு பால்ல ஓவர் முடிஞ்சிரும். அடுத்த ஓவர்ல ஒரு பால். நாலு புள்ளி ஒண்ணு."

ஞாயிற்றுக்கிழமைகளில் வற்றிய குளத்துக்குள் அண்ணன்மார் ஆடுகிற கிரிக்கெட் ஆட்டத்துக்கெல்லாம் ஸ்கோர் சொல்வது அவள்தான். அவள் சொன்ன ஓவரை இதுவரை யாரும் தப்பு என்றதில்லை.

திருமேனி சார் உடனே விளக்கம் சொல்ல வாயெடுத்தார். பிறகு நிறுத்திக்கொண்டார்.

"இத வெள்ளிக்கிழமை கிளாஸ்ல சொல்லுவியா?"

"சிரிப்பாங்க."

"சிரிச்சா நான் பாத்துக்கிடுதேன்."

வெள்ளிக்கிழமை அதிகாரி கடைசி வரிசையில் உட்கார்ந்தார். திருமேனி சார் ஆட்டின் குரலையும் கைதட்டலையும் முதலிலேயே நிறுத்தியிருந்தார். பெயர்களையும் மறைத்துவிட்டார். அதே கேள்வியைக் கேட்டார். பச்சைகளுக்கு நடுவே ஒரு சிவப்பு எரிந்தது. இசக்கி தானாக எழுந்து போய்ப் போர்டில் விரலால் நான்கு புள்ளி ஒன்று என்று எழுதினாள். எழுதியதற்குக் காரணமும் சொன்னாள்.

"அது ஓவர், இது சும்மா நம்பர்" என்றான் ஒருவன்.

"சும்மா நம்பர்னா? அதுலயும் புள்ளி, இதுலயும் புள்ளி. ரெண்டுக்கும் ஒரே புள்ளிய ஏன் வைக்காங்க? அது ஏமாத்துவேல இல்லயா?"

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. ஓவருக்கு ஆறு பந்துதான், புள்ளிக்குப் பின்னால் பத்து வரை போக வழியே இல்லை என்று ஒரு பெண் எழுந்து கத்தினாள். அப்படியானால் இந்த எண்ணில் மட்டும் ஏன் பத்து என்று இசக்கி திருப்பிக் கத்தினாள். ஒருவன் ஸ்கேலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்த கோடுகளை அவள் மூக்குக்கு நேரே நீட்டினான். அவள் அதைப் பிடுங்கி ஒவ்வொரு கோடாக எண்ணினாள்.

அதிகாரி எழுந்து முன்னால் வந்தார்.

"என்ன சார் இது, சந்தைக்கடையா? சரியான விடையப் போட்டுட்டு அடுத்த கேள்விக்குப் போங்க. இவ்வளவு பெரிய வசதி செஞ்சு குடுத்திருக்கோம்."

"இந்தக் கேள்வி இன்னும் முடியல சார்."

"ஒரு கேள்விக்கு ஒரு பீரியடா?"

"ஆமா சார்" என்றார் திருமேனி சார். தன் குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்று அவரே நினைக்கவில்லை.

தனக்காக வாங்கி வைத்த காபியைக் குடிக்காமலே அதிகாரி போனார். மாதிரிப் பள்ளி என்ற பெயர் வேறு ஊருக்குப் போனது. எட்டாம் வகுப்புக்குப் போர்டு வரவில்லை.

செய்தி வந்த அன்று திருமேனி சார் தலைமையாசிரியை அறைக்குப் போனார்.

"என்னாலதான் போச்சு டீச்சர்."

"ம்."

"வருத்தமா இருக்கா?"

"கோபமா இருக்கு. எட்டாம் வகுப்புப் பிள்ளைங்களும் அதத் தொட்டுப் பாத்திருக்கணும்." டீச்சர் கையிலிருந்த கடிதத்தை மேசையில் போட்டார். "நீங்க வேற என்னமோ சொல்ல வந்தீங்க."

"இனிமே சிவப்பு வர்ற ஒவ்வொரு பிள்ளைட்டயும் எப்படிப் போட்டன்னு கேப்பேன் டீச்சர். அதக் கேக்காம அடுத்த கேள்விக்குப் போக மாட்டேன்."

ஜெபராணி டீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்தார். கோபம் கொஞ்சமும் இறங்கவில்லை.

"பச்சை வர்ற பிள்ளைங்ககிட்ட?"

பச்சை எரிந்த யாரிடமும் எப்படி என்று இதுவரை கேட்காத திருமேனி சார், ஏழாம் வகுப்பை நோக்கித் திரும்பி நடந்தார்.