பெருங்காயத்துக்கு ஐந்து சாட்சி

இதில் ஓர் இடத்தில் நீங்கள் சிரிப்பீர்கள். அதற்கு நான் உத்தரவாதம். ஆனால் இப்போது இல்லை. முதலில் ரத்த அழுத்தம் வரும், பிறகு முருங்கைக்கீரை சூப் வரும், அதற்கும் பிறகுதான் சிரிப்பு. அவசரப்படுகிறவர்கள் அதுவரை சூப்பில் உப்பு பார்த்துக்கொண்டிருக்கலாம்.

எங்கள் சித்தி ஜெசிந்தா, குமரி மாவட்டத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியை. டாக்டர்கள் அளந்து கொண்டுவருவதை வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று பார்ப்பது அவள் வேலை. அதிகம் பேச மாட்டாள்.

அவளிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்திருந்தவர் டாக்டர் தாணுமாலயன். சித்தியைவிடப் பத்து வயது மூத்தவர். வார்டில் அவர் இருமினால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். சித்தியின் அறைக்கு வந்தால் மட்டும் கதவைத் தட்டிவிட்டு அவர் நிற்பார்.

அன்று தட்டவில்லை. திறந்த லேப்டாப்பைத் தாம்பாளம் மாதிரி ஏந்திக்கொண்டு நேரே உள்ளே வந்துவிட்டார்.

"மேடம், இருநூறு."

"என்ன இருநூறு?"

"இருநூறு பிரஷர் அளவு. காலையில முருங்கைக்கீரை சூப், கொஞ்ச நேரம் கழிச்சு பிரஷர். ஆறு மாசமா எடுத்தது. நல்லா இறங்கியிருக்கு. இருநூறு போதும்ல?"

சித்தி தன் பிரஷர் மாத்திரையைப் பட்டையிலிருந்து பிதுக்கிக்கொண்டிருந்தாள்.

"போதும்னா என்ன பண்ணப் போறீங்க?"

"மத்தியானம் மருந்துக் குழு கூடுது. சூப் குடிக்கிறவங்களுக்கு மாத்திரையைப் பாதியாக்கிரலாம்னு சொல்லப் போறேன். ஒத்துக்கிட்டாங்கன்னா நாளையிலிருந்து நம்ம ஆஸ்பத்திரியில எல்லாருக்கும் பாதிதான்."

"எனக்கும்?"

"உங்களுக்கும்தான் மேடம்."

"பாதி பத்தாமப் போனா?"

"கை கால் விழுந்துரும்," என்றார் டாக்டர், சர்வ சாதாரணமாக. சொன்ன பிறகு முகம் மாறியது. "அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன். இருநூறு போதுமா?"

சித்தி மாத்திரையை விழுங்கினாள். தண்ணீர் குடித்தாள். 

"எனக்கு ஒரு சின்ன உதவி பண்ணுங்க டாக்டர். ஞாயித்துக்கிழமை எங்க டிப்பார்ட்மென்ட் விருந்து. எதிர்ல புதுசா வந்திருக்கே ஒரு மெஸ், அங்க சாப்பாடு சொல்லலாமான்னு யோசிக்கேன். சாப்பிட்டவங்க நம்பர் உள்ள இருக்கு. எடுத்து வந்து நானே போன் போட்டுத் தரேன். சாம்பார் எப்படின்னு நீங்க கேளுங்க."

"நானா?"

"நான் கேட்டா பரீட்சை மாதிரி பயப்படுவாங்க."

அது உண்மைதான்.

நம்பர் எடுக்கப் பக்கத்து அறைக்கு வந்தாள் சித்தி. அங்கே நான் இருந்தேன். என் பேர் பெனிலா. பிளஸ் டூ முடித்துவிட்டு லீவில் வந்திருந்தேன். யார் பேசினாலும் அடுத்த நிமிஷம் அதே குரலில் திருப்பிப் பேசுவேன். இதனாலேயே பள்ளிக்கூடத்தில் என்னை மைக் பக்கம் விடுவதில்லை.

"மக்களே," என்று எங்கள் ஊரில் பிள்ளைகளைக் கூப்பிடுகிற மாதிரி சித்தி காதோடு சொன்னாள். "உனக்கு போன் வரும். ஒவ்வொரு தடவையும் வேற குரல்ல எடு. ஆனா சாம்பார் விஷயத்துல பொய் கூடாது. நேத்து அந்த மெஸ்ல சாப்பிட்டப்போ உனக்கு எப்படி இருந்துச்சோ, அதைத்தான் சொல்லணும்."

"சிரிப்பு வந்துட்டா?"

"நீ சிரிச்சா எனக்கு மாத்திரை பாதியாயிரும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் குரல் மாற்றிப் பேசு என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்பது அதுதான் முதல் தடவை. போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினேன்.

சிரிப்பு இங்கேயா என்றால், இல்லை. இன்னும் கொஞ்சம் பொறுங்கள்.

முதல் போனுக்குத் தொண்டையைத் தகரமாக்கி ஹெட் நர்ஸ் ஆனேன்.

"சாம்பாரா? பெருங்காய டப்பாவையே உள்ள போட்டுட்டான்னு நினைக்கேன்."

"சரி சிஸ்டர், சரி சிஸ்டர்," என்று டாக்டர் வைத்துவிட்டார்.

இரண்டாவது, மூக்கால் பேசும் ஹாஸ்டல் பெண். "டேஸ்ட் ஓகே சார். பெருங்காயம் மட்டும் ரொம்ப சார்."

மூன்றாவது, எல்லை தாண்டி வந்து நர்ஸிங் படிக்கும் மலையாளப் பெண். "சாரே, பெருங்காயம் கூடிப்போயி, கேட்டோ."

நான்காவது, காது மந்தமான வாத்தியார். "யாரு, கரண்டு ஆபீஸா?"

"சாம்பார் சார், சாம்பார்." டாக்டர் கத்தியது போன் இல்லாமலே மாடிப்படிவரை கேட்டது.

"ஓ, சாம்பாரா. பெருங்காயம் தூக்கலுல்லா."

ஐந்தாவது, பேங்க் மேனேஜர். "மற்றபடி திருப்தி. பெருங்காயத்தைப் பொறுத்தவரை சற்று அதிகப்படி."

நான் திரும்பி வந்து கதவோரம் நின்றபோது டாக்டர் மேஜையில் விரலால் தட்டித் தட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

"அந்த மெஸ் வேண்டவே வேண்டாம் மேடம். அஞ்சு பேர். ஆணு, பொண்ணு, வயசானவரு, சின்னப் பிள்ளை, மலையாளி. ஒருத்தரை ஒருத்தர் பாத்தது கூட கிடையாது. அஞ்சு பேரும் பெருங்காயத்தையே சொல்றாங்க."

"உறுதியா?"

"இதுக்கு மேல என்ன வேணும்? எனக்கு இங்கேயே வாடை அடிக்குது."

"பெனி," என்றாள் சித்தி, "டாக்டருக்கு வணக்கம் சொல்லு."

சொன்னேன். ஹெட் நர்ஸாகச் சொன்னேன். பிறகு ஹாஸ்டல் பெண்ணாக, பிறகு மலையாளத்தில். "கரண்டு ஆபீஸா?" என்றபோது டாக்டர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பேங்க் மேனேஜர் வருவதற்குள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்த சிரிப்பில் எதிரே எலும்புக்கூடுகள் வைத்திருக்கும் அறையின் அட்டெண்டர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"அடிக் கள்ளி, அஞ்சும் நீதானா?"

"ஆமா சார். எனக்குப் பெருங்காயமே ஆகாது."

"அப்போ நான் இவ்வளவு நேரம் பேசினது பூரா வீணா மேடம்?"

"வீண் எப்படி? பெனிக்குப் பெருங்காயம் ஆகாதுன்னு இப்போ நல்லாத் தெரியும்ல?"

"அது சத்தியமாத் தெரியும்."

"சாம்பார்?"

டாக்டர் யோசித்தார். "சாம்பாரைப் பத்தி ஒண்ணும் தெரியாது."

சித்தி தலையாட்டினாள்.

"நல்லா ஏமாத்துனீங்க." சிரித்துக்கொண்டே லேப்டாப்பைப் பைக்குள் வைத்தார். "நான் கேட்டதுக்கு மட்டும் பதிலே சொல்லல பாருங்க. இருநூறு போதும்ல?"

சித்தி மின்விசிறியைப் பார்த்தாள். எனக்கு வாய் துறுதுறுத்தது. அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் கிளம்பிவிட்டார். வராண்டாவில் செருப்புச் சத்தம் போய்க்கொண்டே இருந்தது. வழியில் அட்டெண்டரிடம் கதை சொல்கிறார்.

"என்னை நல்லா முட்டாளாக்கிட்டாங்கப்பா. நான் அஞ்சு பேருன்னு நினைச்சுக்கிட்டு இருக்கேன். பாத்தா ஒரே ஆளு, திரும்பத் திரும்ப ஒரே ஆளு..."

செருப்புச் சத்தம் நின்றது.

பிறகு திரும்பி வந்தது, மெதுவாக. கதவு திறந்தே இருந்தும் தட்டினார்.

"மேடம், அந்த இருநூறு."

"ம்."

"ஆளு ஒன்பதுதான்."

"ம்."

"அந்த இருநூறுலயும் பாதிக்கு மேல பாக்கியநாதன் ஒருத்தரோடது. ரிட்டயர்டு போஸ்ட்மேன். மத்தவங்க இஷ்டப்பட்டா வருவாங்க. இவரு வீட்டுல பொழுது போகாம தினமும் வந்துருவாரு. ரெண்டாவது கிளாஸ் கேட்டு வாங்கிக் குடிப்பாரு."

சித்தி நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள். உட்கார்ந்தார். பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

"மத்தியானம் கூட்டத்துல நான் என்ன சொல்ல?"

"பாக்கியநாதனுக்கு சூப் ஒத்துக்கிடுதுன்னு சொல்லுங்க," என்றாள் சித்தி.