கடலன்னையைச் சிரிக்க வைத்த நண்டு

தென்சீனக் கடலோர ஊர் ஒன்றில், கற்பூர மரம் மணக்கும் பட்டறையில், பிறருடைய உளிகளைத் தீட்டிக் கொடுத்துப் பிழைத்துவந்தார் குவே பெங் என்னும் அடியார். விடிந்ததும் கடலன்னைக்கு ஓர் ஊதுவத்தி ஏற்றிக் கும்பிடுவார். பிறகு பாறை இடுக்கில் நண்டுகளுக்கு எதிரே குப்புறப் படுத்துக்கொள்வார். எந்தக் கால் முதலில் எழும்புகிறது? ஓடும்போது கொடுக்கை எங்கே மடித்துக்கொள்கிறது? அன்னை படைத்த உயிரைப் பார்த்துத் தீராமல் மரத்தில் உளி வைப்பது அவருக்குப் பெரிய அபசாரம். அதனால் அவர் செதுக்கிய எதுவும் சீக்கிரம் முடிந்ததில்லை. வீட்டில் அடுப்பும் தினமும் எரிந்ததில்லை.

ஊர் சும்மா இருக்குமா? நண்டு வீட்டுச் சம்பந்தி என்று பட்டப்பெயர் வைத்தது. அவருடைய ஒரே மகன் மீன்பிடிக்கப் போய்த் திரும்பாத ஆண்டில், பட்டறைக்காரர் ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார்: "பிள்ளையக் காப்பாத்தாத சாமிக்கு இன்னும் என்ன கும்பிடு?"

"அவன் அந்தத் தாயோட கடல்லதானே இருக்கான் அண்ணே. இன்னொரு கும்பிடும் சேத்துப் போடணும்" என்றார் பெங். சொல்லிவிட்டு அழுதார். அழுதுகொண்டே உளியைத் தீட்டினார். நம்மால் முடியுமா, சொல்லுங்கள்.

அந்நாளில் கடலன்னை கோயிலைப் புதுப்பித்தார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. மண்டபத்தின் இடப்பாதியை ஒரு தச்சருக்கும் வலப்பாதியை இன்னொருவருக்கும் கொடுத்து, நடுவில் திரை கட்டிவிடுவார்கள். ஒருவர் வேலையை மற்றவர் பார்க்கக் கூடாது. வலப்பாதி, பேர்பெற்ற ஆங் தியென் கைக்குப் போயிற்று. அவரோடு மோத எவரும் முன்வராததால், இடப்பாதி நம் பெங்குக்கு வந்தது. தோற்றால் பட்டறை வேலையும் போகும் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

உத்தரத்தின் முனைக்கு ஒரே மரத்துண்டில் நண்டுக்கூடை செதுக்க வேண்டும். கூடையின் பின்னலைக் குடைந்து, அந்த இடுக்கு வழியே மெல்லிய உளியை விட்டு உள்ளே நண்டுகளை உருவாக்க வேண்டும். பெங் இரண்டு ஆண்டு குடைந்தார். கைபிசகாத நாளெல்லாம் அன்னையின் நாள் என்பார்.

திரை விலகியது. தியென் கூடையில் எட்டு நண்டுகள், எட்டும் அச்சில் வார்த்ததுபோல் நிறைவாக இருந்தன. பெங்கின் கூடையில் ஒரு நண்டு பின்னலைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு கொடுக்கு பெரிது. மற்றது சுண்டுவிரல் நகமளவு.

"கோயில்ல ஊனமா!" என்று மீனவர்கள் பதறினார்கள். மங்கலப் பொருளில் குறை இருந்தால் படகுக்கு ஆகாது என்பது அவர்கள் நம்பிக்கை.

"ஊனமில்ல சாமி, ஒடிஞ்ச எடத்துல புதுசா மொளைக்குது. பாறையில பாத்தேன்" என்றார் பெங். யாரும் கேட்கவில்லை.

அன்னையையே கேட்பது என்று முடிவாயிற்று. பிறைபோன்ற இரண்டு மரத்துண்டுகள்; ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால் சம்மதம். இரண்டும் குப்புற விழுந்தால் மறுப்பு. இரண்டும் மல்லாந்தால், அன்னை சிரிக்கிறாள்; கேள்வியே சரியில்லை என்று பொருள்.

தியென் முதலில் போட்டார். "தாயே, இதக் கழட்டி அடுப்புல வச்சிரலாமா?" இரண்டும் மல்லாந்தன. மறுபடி போட்டார், மல்லாந்தன. மூன்றாம் முறையும் அதுவே.

பெங் துண்டுகளை எடுத்தார். கூடை இருக்கட்டுமா என்று அவர் கேட்கவில்லை. வேலை தங்குமா என்றும் கேட்கவில்லை. "நான் பாத்தது சரிதானா, தாயே?" என்றுதான் கேட்டார். மும்முறையும் சம்மதம் விழுந்தது. கேலி செய்த பட்டறைக்காரரே முதலில் தரையில் விழுந்து வணங்கினார்.

மறுநாள் விடிந்ததும் பெங் பாறைக்குப் போனபோது, அங்கே தியென் குப்புறப் படுத்திருந்தார். "இதுல எந்தக் காலு அண்ணே மொதல்ல எழும்புது?" என்று கேட்டார்.

"அதான் தம்பி, எனக்கும் இன்னும் பிடிபடல" என்று பெங் பக்கத்தில் படுத்துக்கொண்டார்.

பார்ப்பதையே பூசையாகச் செய்து, அன்னையின் முகத்தில் சிரிப்பை வரவழைத்த அந்த உளிதீட்டியின் பாதங்களுக்கு நம் வணக்கம்.